செட்டிங்ஸிலிருந்து இன்னொரு திரை: எக்ஸ்எம்எல் இன்டென்ட்டா, கிளிக் லிசனரா?

ஆண்ட்ராய்டு ஆப்பின் செட்டிங்ஸில் ஒரு வரியைத் தட்டினால் இன்னொரு திரை (ஆக்டிவிட்டி) திறக்க வேண்டும். எந்தத் திரை என்று சொல்லும் இன்டென்ட்டை செட்டிங்ஸின் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே எழுதலாம், அல்லது தட்டும்போது ஓடும் கோடான கிளிக் லிசனரில் எழுதலாம். இரண்டு வழியும் வேலை செய்யும்.

எழுதும் வேலை: எக்ஸ்எம்எல்லில், பிரிஃபரன்ஸ் (செட்டிங்ஸின் ஒரு வரி) டேக்குக்குள் இன்டென்ட் டேக் ஒன்று போதும், கோட்லின் வரியே வேண்டாம். லிசனருக்கு, கீயை (அந்த வரியின் அடையாளப் பெயர்) வைத்து ஃபைண்ட்பிரிஃபரன்ஸ், லிசனருக்குள் ஸ்டார்ட்ஆக்டிவிட்டி, கடைசியில் 'தட்டலைக் கவனித்தாயிற்று' என்று சொல்லும் ட்ரூ.

உடையும் இடம்: எக்ஸ்எம்எல்லில் டார்கெட்பேக்கேஜ் என்பது அப்ளிகேஷன் ஐடி (ஆப்பின் தனி அடையாளம்), பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். டீபக் பில்டில் (சோதனைப் பதிப்பு) ஐடியோடு '.டீபக்' ஒட்டியிருந்தால், ரிலீஸில் (வெளியிடும் பதிப்பு) திறந்த திரை டீபக்கில் ஆக்டிவிட்டிநாட்ஃபவுண்ட் என்று கிராஷ் ஆகும். டார்கெட்கிளாஸில் திரையின் கிளாஸ் பெயர், பேக்கேஜோடு முழுதாக வேண்டும். தப்பாக அடித்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. லிசனரில் கிளாஸ் பெயர் தவறினால் பில்டே ஆகாது. கீ பொருந்தாவிட்டால் மட்டும் நல் (எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்) வரும்.

தரவு அனுப்ப: தட்டும் நேரத்தில்தான் தெரியும் மதிப்பென்றால் லிசனர்தான்.

ஒரே ஐடியுள்ள சின்ன ஆப்பில், 'எங்களைப் பற்றி' மாதிரித் திரைக்கு எக்ஸ்எம்எல் போதும். பில்ட் வகைகள் பல இருந்தால் யோசிக்காமல் லிசனர்.