ஜாலான் பாசாரில் செயற்கைக்கோள் கருவிக்குப் பாகம் வாங்கலாமா?

சுற்றுப்பாதையில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு எரிபொருள் நிரப்பும் ரோபோ கருவியின் மேசை மாதிரியைச் செய்ய நினைப்பவர்கள், கோலாலம்பூரில் முதலில் போகவேண்டிய இடம் புடு வட்டாரத்து ஜாலான் பாசார். எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மின்னணுச் சாமான்களுக்கு 5க்கு 4 தாராளமாகத் தரலாம். இயந்திரப் பாகங்களுக்கு 2தான்.

பெரும்பாலான செயற்கைக்கோள்களின் எரிபொருள் வால்வைத் தரையிலேயே மூடி, மூடியைக் கம்பியால் கட்டி, மேலே வெப்பக்காப்புப் போர்வையும் போர்த்தித்தான் அனுப்புகிறார்கள். மறுபடி யாரும் திறப்பார்கள் என்று எண்ணிச் செய்ததல்ல. நாசா 2011இல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய சோதனைப் பெட்டியில் இதற்கென்றே நான்கு கருவிகள் இருந்தன. நிலையத்தின் டெக்ஸ்டர் ரோபோ 2012 மார்ச்சில் சுமார் 0.5 மி.மீ. கட்டுக்கம்பியை வெட்டியது, 2013 ஜனவரியில் 1.7 லிட்டர் எத்தனாலை நிரப்பிக் காட்டியது. மேசை மாதிரியும் அந்த அரை மில்லிமீட்டருக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் திருகுத்தண்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8 மி.மீ. விட்டமுள்ள தண்டு இரண்டு வகை. இரண்டையுமே '2 மி.மீ. பிட்ச்' (புரிகளுக்கு இடையிலான தூரம்) என்றுதான் விற்பார்கள். நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி, நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். 8 மி.மீ. நகர்ந்தால் வாங்காதீர்கள்: மோட்டாருக்கு மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங்கின் அழுத்தம் தண்டைப் பின்னுக்குத் தள்ளும், கம்பி வெட்டுவாயிலிருந்து நழுவும். 2 மி.மீ. நகர்ந்தால் நல்லது. சுற்றுக்கு 200 படி போகும் நேமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டாரோடு படிக்கு 0.01 மி.மீ. கிடைக்கும், தண்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும். நட்டின் ஆட்டத்தைக் குறைக்க ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டைக் கேளுங்கள்.

விசையை அளக்க 5 கிலோ லோட்செல்லும் (விசை உணரி) அதன் அளவை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகையும் போதும், இரண்டும் அருமையான சரக்கு. ஆனால் பலகைகள் பெரும்பாலும் நொடிக்கு 10 அளவீட்டில் வருகின்றன. கருவி நொடிக்கு 5 மி.மீ. நகர்ந்தால் இரண்டு அளவீட்டுக்கு நடுவே 0.5 மி.மீ. போய்விடும், அதாவது ஒரு கம்பியின் தடிமன் முழுவதும்! சிப்பின் 15ஆம் காலைப் பலகையிலிருந்து தூக்கிப் பக்கத்து 16ஆம் காலோடு ஈயம் வைத்து இணைத்தால் 80 அளவீடு வரும். லோட்செல்லின் இரு முனையிலும் வாஷர் வைத்து இடைவெளி விடுங்கள். தட்டையாக ஒட்டித் திருகினால் அது வளையாது, அளவும் மாறாது.

கம்பியை மட்டும் இங்கே வாங்க வேண்டாம். செம்புக்கம்பி வெண்ணெய்போல வெட்டுப்படும், சோதனையே பொய்யாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கட்டுக்கம்பி மோட்டார்சைக்கிள் பந்தய உதிரிபாகம் விற்பவர்களிடம் இருக்கும். ஒரே இடத்தில் வெட்டிப் பழகுங்கள். விண்வெளியில் இரண்டு இடத்தில் வெட்டினால் நடுத்துண்டு மிதந்து குப்பையாகும்.

வெப்பக்காப்புப் போர்வைக்கு அலுமினியப் பூச்சுள்ள அவசரகாலப் போர்வையும், காப்டன் (Kapton) எனும் வெப்பம் தாங்கும் டேப்பும் சரிவரும். அந்தப் பளபளப்பில் எல்இடியை நேராக அடித்தால் கேமரா கண்கூசும். பக்கவாட்டில், மெல்லிய வெள்ளைத் தாள் வழியே காட்டுங்கள். சாதாரண கிரீஸை மேசையில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசலாம். வெற்றிடத்தில் அது ஆவியாகி லென்ஸில் படியும், அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர் பூச்சுதான்.

போகும்போது வெர்னியர் கேலிப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். திருகுத்தண்டைக் கல்லாவிலேயே அளந்துவிடலாம்.