குப்பம் பக்கம் கல் தடுப்பணை கட்டும் குழு: ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

ஆந்திராவில், தமிழக எல்லைப் பக்கம் இருக்கிற குப்பம் ஊரில் ஓடையை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு போன அந்த மழையில், ஓடையில் இருந்த சிமெண்ட் தடுப்பு அடி அரித்துச் சாய்ந்துவிட்டது. கட்டினவர் அப்புறம் போனே எடுக்கவில்லை. இந்த முறை சிமெண்டே வேண்டாம், தண்ணீர் கசிந்து போகிற வெறும் கல் அணை போதும் என்று இந்தக் குழுவைக் கூப்பிட்டேன். நாலு பேர், ஏழு நாள், எட்டு யூனிட் கல், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பாதிக் கல் எங்கள் நிலத்தில் பொறுக்கியது.

சுவர் மாதிரி நேராக எழுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி முதலில் ஒரு வாய்க்கால் தோண்டி, அதில் சின்னக் கல்லாக நிரப்பி, அதன் மேல்தான் பெரிய கல்லை வைத்தார். உயரம் மூன்றடிதான், ஆனால் தண்ணீர் இறங்கும் பக்கம் ஒன்பதடிக்குச் சரித்துவிட்டார். "ஏறி விழுற எடத்துலதாண்ணா அணை சாகும்" என்றார். நடுவில் வழிகிற இடத்துக்கு மட்டும் கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டி. ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவில் 1980களிலிருந்து இதே முறையில் 50 முதல் 300 மீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டி, வெள்ளத்தைப் பரப்பிவிட்டுச் சோளம் விளைவிக்கிறார்கள். நம்முடையது 36 அடிதான்.

குறையும் உண்டு. வலது கரைக்குள் ஒரு அடிதான் கல்லைச் செருகியிருந்தார்கள், முதல் வெள்ளமே அந்தப் பக்கம் கரையைக் குடைந்துகொண்டு போய்விட்டது. சொன்ன மூன்றாம் நாள் வந்து, நாலடி உள்ளே தோண்டிக் கல் அடுக்கினார்கள், கூலி வாங்கவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கம்பியில் வைக்கோலும் வேப்பங்கொட்டையும் சிக்கிக் கிடக்க, கல் இடுக்கில் தெளிந்த தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மேல்புறம் கணுக்கால் ஆழத்துக்குச் செம்மண் வண்டல், அத்தனை வருடமும் ஓடையோடு போன மண். அதில் துவரை போட்டிருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது. கிணறு ஏறியதா என்று ஒரு மழையை வைத்துச் சொல்ல மாட்டேன். பாலாற்றில் கீழே இருக்கிற வாணியம்பாடிக்காரர்களுக்குப் போகிற தண்ணீரை இது மறித்து நிறுத்துவதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது, அந்த நிம்மதியும் எனக்கு உண்டு.

கூப்பிடுகிறவர்கள் ஆடிக்குள் சொல்லிவையுங்கள், ஐப்பசி நெருங்கினால் ஆள் கிடைக்காது. கரைக்குள் நாலடி என்பதை முதல் நாளே கயிறு பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.