தேக்குச் சட்டம் நிஜம், படம் பொய்: செட்டிநாட்டில் பழைய படம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய பொருள் சேர்ப்பவர்கள், அதிலும் செட்டிநாட்டுப் பக்கம் போய் வாங்குபவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். போன ஆடி மாதம் நான் 54,000 ரூபாயை இழந்தேன். ஒரு சரஸ்வதி படத்துக்கு 45,000, ஒரு சீன ஜாடிக்கு 9,000. இரண்டுமே போலி.

நான் இதற்குப் புதியவள் இல்லை. பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். ஸ்வீடனில் செய்த கோக்கம்ஸ் எனாமல் தூக்கு நாலு, பர்மா அரக்கு வெற்றிலைப் பெட்டி ஒன்று, ஓரம் செதுக்கிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று வீட்டில் இருக்கின்றன. எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கியவை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த சாமான்கள், சொத்து பிரிக்கும்போதும் வீடு இடிக்கும்போதும் அந்தத் தெருவுக்கு வந்து சேரும். அங்கே என்னை யாரும் ஏமாற்றியதில்லை. நான் ஏமாந்தது கடையே இல்லாத ஒரு தரகரிடம்.

தெரிந்தவர் மூலமாகத்தான் அவர் எண் கிடைத்தது. முதலில் வாட்ஸப்பில் படங்கள் வந்தன, அப்புறம் குரல் பதிவுகள். "அக்கா, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு, பங்கு பிரிக்கிறாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆன ரவிவர்மா அச்சகத்துப் படம். கடைக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு ஆச்சி சங்கடப்படுறாங்க, அதான் உங்களுக்கு மட்டும் சொல்றேன்." சரஸ்வதி என்றதும் எனக்கு மனம் இளகிவிட்டது. பாட்டி வீட்டுப் பூஜையறையில் இருந்த சரஸ்வதி படம் அந்த வீட்டை விற்றபோது எங்கே போனதென்றே தெரியவில்லை. இருபது வருடமாக அதே மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

போனேன். வீடு உண்மையான வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் இருந்தன. வளவுச் சுவரில் படம் தொங்கியது. பர்மா தேக்குச் சட்டம், லேசாக அலை ஓடும் பழைய கண்ணாடி. சரஸ்வதியின் சேலைக்கும் நகைக்கும் சரிகையும் சமிக்கியும் வைத்து அலங்கரித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அச்சுப் படம் வாங்கி, துணியும் சரிகையும் ஒட்டி அலங்கரிப்பது செட்டிநாட்டு வீடுகளில் வழக்கம். அதனால் அது எனக்குச் சந்தேகம் தரவில்லை. அந்தச் சரிகைக்குக் கீழே எதை மறைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்தேன், ஆனால் புத்தியில் ஏறவில்லை. அவர் படத்தைக் கழற்றியபோது பின்னாலிருந்த சுவர் மற்ற இடத்தைப் போலவேதான் இருந்தது. பல வருடம் ஒரே இடத்தில் தொங்கிய படத்தை எடுத்தால், விளக்குப் புகையும் தூசியும் படாத ஒரு கட்டம் சுவரில் வெளுப்பாகத் தெரியும். பக்கத்துப் படங்களின் ஓரத்தில் அந்தக் கோடு தெரிந்தது. இதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. முந்தின நாள்தான் அதைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். காவலுக்கு இருந்தவர்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பங்கும் பிரிக்கவில்லை, சங்கடப்பட்ட ஆச்சியும் இல்லை.

உண்மை வெளியே வந்தது தற்செயலாகத்தான். பின்பலகை செல்லரித்திருந்ததால், மாற்றுவதற்காகத் திருச்சியில் படத்துக்குக் கண்ணாடி போடும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஐம்பது வருடமாக அதே தொழிலில் இருப்பவர். பின்பக்கத்தைத் திருப்பியதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "ஏம்மா, இந்தப் பலகையை எத்தனை தடவை கழட்டினீங்க?" என்றார். நான் தொடவே இல்லை என்றேன். ஆணிகளைக் காட்டினார். எல்லாம் துருப்பிடித்துத்தான் இருந்தன. ஆனால் பழைய ஆணி என்றால் அதன் துரு மரத்துக்குள் இறங்கி, சுற்றிலும் கறுத்திருக்கும். இந்த ஆணிகளைச் சுற்றி மரம் வெளுப்பாக இருந்தது. கறை ஏறிய பழைய ஓட்டைகள் காலியாக, அரை அங்குலம் தள்ளி இருந்தன. யாரோ புது ஆணியை உப்புத் தண்ணீரில் போட்டுத் துருவேற்றி அடித்திருக்கிறார்கள் என்றார்.

அப்புறம் படத்தை வெளியே எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து முகத்தைப் பார்க்கச் சொன்னார். சரஸ்வதியின் கன்னம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என வரிசை பிசகாமல், பூ மாதிரி வட்டம் வட்டமாக. நாம் நாள்காட்டியிலும் பத்திரிகை அட்டையிலும் பார்க்கும் ஆப்செட் புள்ளி அது. ரவிவர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்குப் போனது. ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களை வைத்துக் கல்லச்சில்தான் அடித்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சேற்ற வேண்டும். அப்படிக் கல்லில் அடித்த படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மணல் தூவியது மாதிரி ஒழுங்கில்லாத பொடிகள் தெரியும், வட்டம் தெரியாது. பெரியவர் தன் கடையிலிருந்த கிழிந்த பழைய லட்சுமி படம் ஒன்றை எடுத்து என் படத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் விளக்கத் தேவையில்லாத அளவுக்கு வித்தியாசம் இருந்தது. புள்ளி தெரியக்கூடிய பெரிய இடங்களையெல்லாம் சரிகையால் மூடி, முகத்தையும் கையையும் மட்டும் விட்டிருந்தார்கள்.

சரிகையில் ஒரு இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினார். சுருண்டு உருகி, பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. பழைய வெள்ளிச் சரிகை அப்படி உருகாது, காலப்போக்கில் கறுத்துத்தான் போகும்.

நாலு கடை தள்ளி ஓர் அடகுக்கடை. அங்கே கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே தாளை வைத்தோம். தேநீர் தடவிப் பழுப்பாக்கிய இடம் மங்கலாக இருந்தது, ஓரமும் பின்பக்கமும் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தன. தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது சுமாராக 1950-க்குப் பிறகு வந்த பழக்கம். ரவிவர்மா இறந்தது 1906-இல். வேறென்ன சொல்ல?

அன்று இரவே, அதே தரகரிடம் வாங்கிய ஜாடியையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். பூ வேலையிலும் அதே புள்ளிகள், அதாவது கையால் வரையவில்லை, அச்சை ஒட்டிச் சுட்டது. அடியில் ஆறு சீன எழுத்து, சியான்லோங் பேரரசர் முத்திரை (1736–1795) என்றார் தரகர். அந்த முத்திரையைப் பிற்காலக் குயவர்களும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், அதை வைத்து மட்டும் வயதைச் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மினுமினுப்பைத் தேய்த்து எடுத்திருந்தார்கள். அங்கே எந்த நாட்டின் பெயர் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ரசீது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள். "பழைய ஃப்ரேம் படம் 1, ஜாடி 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வருடம் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "வயசைப் போட்டா தொல்லியல் துறைப் பிரச்சினை வரும் அக்கா" என்றார். நானும் நம்பினேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது குற்றமில்லை, சில வகைப் பொருளைப் பதிவு மட்டும் செய்ய வேண்டும். அதனால் நூறு வருடப் பொருள் என்று ஒருவர் சொன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், வயதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

போன் செய்தேன். முதல் நாள், "எனக்கே தெரியாமப் போயிருச்சு அக்கா, ஆச்சிகிட்ட பேசுறேன்." மூன்றாம் நாள், "நீங்கதான படத்தை மாத்திட்டீங்க?" அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசி, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கையில் இருக்கும் சாட்சி அவருடைய குரல் பதிவுகள்தான். "நூறு வருஷத்துக்கு மேல" என்று அவர் வாயாலேயே சொன்னது அதில் இருக்கிறது. வாட்ஸப்பில் வரும் எதையும் அழிக்காதீர்கள்.

படத்தைப் பெரியவர் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் நல்ல பர்மா தேக்கும்மா, வீணாக்காதீங்க" என்றார். அது இன்னும் அவர் கடையில் காலியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். அவளுக்கு ஒரு லட்சுமி படம் வந்திருக்கிறதாம். சரிகை வேலை, பர்மா தேக்குச் சட்டம், பங்கு பிரிக்கும் வீடு, சங்கடப்படும் ஆச்சி. இந்த முறை ஊர் கண்டனூர் பக்கம் என்று சொல்கிறாராம். அவளுக்கு வந்த போட்டோவை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதே வளவு, அதே சுவர், ஆணிக்கு மேலே கூரை வரை போகும் அதே விரிசல்.