போனில் லொத்தர் எடுப்பது: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் லொத்தர் எடுப்பதென்றால் பஸ் நிலையப் பக்கம் போய், ரப்பர் பட்டி போட்ட சீட்டுக்கட்டை வாங்கி, விரலால் விரித்து, மனதுக்குப் பிடித்த இலக்கத்தை உருவுவதுதான் வழக்கம். சில வருடங்களாக நான் பெரும்பாலும் போனிலேயே எடுக்கிறேன். எப்படி இருக்கிறது என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

வசதிக்குக் குறைவில்லை. சீட்டு தொலையாது, சட்டைப் பையோடு சலவைக்குப் போகாது. சீட்டிழுப்பு முடிந்ததும் முடிவு குறுஞ்செய்தியில் வந்துவிடும். சின்னப் பரிசு விழுந்தால் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். கடதாசிச் சீட்டில் விழுந்த 40, 80 ரூபாயைப் பார்க்காமலே வீசியவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய.

என் மனக்குறை தினசரிச் சந்தாவில்தான். ஒருமுறை சம்மதம் கொடுத்தால் போதும், அப்புறம் ஒவ்வொரு நாளும் காசு வெட்டிக்கொண்டே இருக்கும். நான் நிறுத்தச் சொல்லி அனுப்பினேன், நிறுத்தியதாகப் பதிலும் வந்தது, அடுத்த நாளும் வெட்டினார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, மொழிக்கு ஒரு எண் அழுத்தி, நீண்ட நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை வந்தார். "அண்ணா, நீங்க நிப்பாட்டினது ஒரு லொத்தர், இது வேற லொத்தர். ரெண்டையும் தனித்தனியா நிப்பாட்டோணும்" என்றார். சந்தாவில் சேர்வதற்கு ஒரு எழுத்துப் போதும், வெளியேற இவ்வளவு வேலை. பஸ் நிலையத்துச் சீட்டுக்கார ஐயா என்றால், "தம்பி, நேற்றும் எடுத்தனீங்கள், இண்டைக்கு விடுங்கோ" என்று தன் வியாபாரத்தைப் பாராமல் சொல்லிவிடுவார்.

லண்டனில் இருக்கும் மச்சானும் இணையத்தில்தான் எடுக்கிறார். அங்கே 18 வயது ஆகியிருக்க வேண்டும், நாட்டுக்குள் இருந்துதான் வாங்கவும் வேண்டும். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கணக்கில் எல்லை போட்டுக்கொள்ளலாம். நான் பாவிக்கும் சேவையில் அப்படி ஒரு எல்லையைத் தேடினேன், இல்லை.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வந்தது, அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997இல் தனிச் சட்டம். இரண்டும் அரச சபைகள். பின்னதன் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது. 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைக்கான சட்டமும் நிறைவேறியது. ஆனால் இந்தச் சட்டமெல்லாம் யார் நடத்தலாம், காசு எங்கே போகலாம் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. இரவு பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தபடி நாலாவது சீட்டை அழுத்துபவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

வாய்ப்பையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தேசிய லொத்தர் சபையின் மகாஜன சம்பத லொத்தரில் ஒரு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும். 26 எழுத்துக்கும் சேர்த்தால் 2 கோடி 60 இலட்சம் விதங்கள். ஒரு சீட்டு 40 ரூபாப்படி அத்தனையையும் வாங்க 104 கோடி ரூபா வேண்டும். ஆகவே நான் இப்போது சந்தா எதுவும் வைப்பதில்லை, ஆசை வந்தால் ஒரு சீட்டிழுப்புக்கு மட்டும் எடுக்கிறேன். அந்த அளவில் போன் நல்ல வசதிதான்.

கேரள லொத்தரை வாட்ஸ்அப்பில் விற்கிறோம் என்று வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளா 1967இல் தொடங்கியது உண்மையான அரச லொத்தர். ஆனால் அது கடதாசிச் சீட்டாகத்தான் விற்பனையாகும், பரிசு கேட்கும்போது அந்தச் சீட்டையே கொடுக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் தமிழ்நாட்டில் 2003 முதல் லொத்தருக்கே தடை. எனக்குத் தெரிந்த ஒருவரை இப்படி ஒரு குழுவில் சேர்த்து, பரிசு விழுந்திருக்கிறது, வரியை முதலில் கட்டுங்கள் என்றார்கள். இலங்கையில் 5 இலட்சத்துக்கு மேல் வென்றால் 14 வீத வரி உண்டு, ஆனால் அதைப் பரிசிலிருந்தே கழித்துவிடுவார்கள், வென்றவர் முன்கூட்டிக் கட்டுவதில்லை. அந்தத் தெரிந்தவர் என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். இதையெல்லாம் அங்கே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.