பாண்டில ஸ்ப்ரே கன் செட் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

கார் பெயிண்ட்டை வீட்லயே அடிச்சிக்கலாம்னு யாராச்சும் நெனச்சிக்கிட்டு இருந்தா கன் வாங்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சி இதைப் படிங்க. எனக்குப் போனது ரூ.14,200, அதுகூட பரவால்ல, ஒரு மாசமா மாங்கு மாங்குனு தேச்ச வேலை மொத்தமும் ஒரே ராத்திரில வீணாப்போச்சு.

நமக்கு கடலூர் மஞ்சக்குப்பம். அப்பாவோட 2004 மாருதி 800, வெள்ளக் கலரு, அவருக்கு அந்த வண்டின்னா உசுரு. கடல் காத்துல பானட் ஓரமும் முன்னாடி ரெண்டு ஃபெண்டரும் துரு அரிச்சிப்போச்சு. டிங்கரிங் கடைல முழு வண்டிக்கும் 38,000 கேட்டாங்க. சரி நாமளே பண்ணலாம்னு துருவச் சுரண்டி, பட்டி பாத்து, 320, 600 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு தேச்சி ரெடி பண்ணிட்டு, கன்னும் கம்ப்ரஸரும் வாங்க பாண்டிக்குப் போனேன். டவுனுக்குள்ள இருக்குற ஒரு டூல்ஸ் கடை, பேரு போடல.

கடைக்காரர்கிட்ட மாருதி முழுசா அடிக்கணும்ணே, ஃபைனல் கோட்டுக்கு என்ன வேணும்னு தெளிவா கேட்டேன். "எச்விஎல்பி கன்னு, 1.4 நாசில், 24 லிட்டர் கம்ப்ரஸர், இது போதும் தம்பி, பஸ்ஸே அடிக்கலாம்"னாரு. (எச்விஎல்பின்னா நெறைய காத்த கம்மி பிரஷர்ல விட்டு அடிக்கிற கன், 1.4ங்குறது நாசில் ஓட்டையோட மில்லிமீட்டர் அளவு.) ஹார்டனர் (பெயிண்ட் இறுகிக் காயறதுக்குக் கலக்குறது), கேன்ல லூஸ் தின்னர், பெயிண்ட் எல்லாம் அவரே எடுத்து வெச்சாரு. மாஸ்க் கேட்டேன், கர்ச்சீஃப் கட்டிக்கோ போதும்னாரு. பில் கேட்டதுக்கு எஸ்டிமேட்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பரும் இல்ல கடை பேரும் இல்ல. ஜிபே பண்ணப்ப வேற யாரோ ஒருத்தர் பேரு வந்துச்சு, அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

வீட்டுக்கு வந்து மொதல்ல செவுத்துல நியூஸ்பேப்பர் ஒட்டி அடிச்சிப் பாத்தேன். ஒரு சாண் தள்ளிப் புடிச்சி அடிச்சா மேலயும் கீழயும் ஒரே அளவா நீட்டு முட்டை மாதிரி விழணும். எனக்கு கீழ்ப்பக்கம் மட்டும் கொழகொழன்னு குவிஞ்சி விழுது, ட்ரிக்கர விட்டப்புறமும் நாசில் முனைல சொட்டு சொட்டா வழியுது. எனக்குத்தான் செட்டிங் தெரியலனு நெனச்சி ஃபேன் நாப், பெயிண்ட் நாப், பிரஷர்னு ரெண்டு மணி நேரம் மாத்தி மாத்தி திருகிக்கிட்டு இருந்தேன். கடைக்குப் போன் போட்டா "புது கன்னு அப்படித்தான், ரெண்டு கப் அடிச்சா செட்டாயிரும்"னு சொல்றாரு. அதை நம்பி பானட்ல கை வெச்சேன்.

பாதி பானட் கூட தாண்டல, கம்ப்ரஸர் மூச்சு வாங்குது. 8 பார் பிரஷர்ல இருந்த டேங்க் ஒரு நிமிஷத்துக்குள்ள கீழ வந்துருச்சு, காத்து கொறஞ்சதும் கன் பொறிப்பொறியா துப்ப ஆரம்பிச்சிருச்சு. மோட்டார் சூடாகி அதுவா கட் ஆகும், நிப்பாட்டி நிப்பாட்டி அடிச்சேன். காத்தோட தண்ணியும் சேந்து வந்து பெயிண்ட்ல கொப்புளம் கொப்புளமா நிக்குது. நம்ம ஊரு ஈரக்காத்துக்கு டேங்க்ல தண்ணி சேராம இருக்காது, கடைசில அடி வால்வத் தொறந்தா அரை டம்ளர் கிட்ட தண்ணி. காத்துல இருந்து தண்ணியப் பிரிச்சி எடுக்குற வாட்டர் ட்ராப்னு ஒண்ணு கண்டிப்பா வேணும்னு கடைல ஒரு வார்த்தை சொல்லல. மூணு நாள் கழிச்சும் பெயிண்ட் காயல, விரல வெச்சா ரேகை பதியுது.

திருப்பாதிரிப்புலியூர்ல தெரிஞ்ச பெயிண்டர் அண்ணன் ஒருத்தர் 20 வருஷத்துக்கு மேல கன் புடிக்கிறவரு, அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவரு ஏர் கேப்ப (நாசில சுத்தி காத்து வர்ற மூடி) அரைச் சுத்து திருப்பி வெச்சி மறுபடி அடிச்சிப் பாத்தாரு, கோளாறும் கூடவே திரும்புனா கேப்புல அடைப்பு, அப்படியே இருந்தா நாசில்லதான் கோளாறாம். எனக்கு அப்படியேதான் இருந்துச்சு. நாசிலக் கழட்டுனாரு. மரை உள்ள சில்வர் பெயிண்ட் காஞ்சி செதில் செதிலா ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் அடிச்சது வெள்ளை! எவனோ யூஸ் பண்ணிப் போட்ட கன்ன தின்னர்ல கழுவி புது டப்பால போட்டு என் தலைல கட்டியிருக்கான். நாசில் ஓட்டைய அடைக்கிற ஊசி, அந்த நீடில வெளிச்சத்துல காட்டுனாரு, முனைல மோதிரம் மாதிரி சுத்தி ஒரு தேய்மானம். 1.5 ட்ரில் பிட்ட நாசில்ல விட்டாரு, லொடலொடன்னு உள்ள போகுது. 1.4னு சொன்னது பிரைமர் அடிக்கிற 1.8 கிட்ட இருக்குற நாசில், நீடிலு வேற ஏதோ கன்னோடது. ரெண்டும் ஜோடியா இருந்தாத்தான் அடைக்கும், அதான் தம்பி சொட்டுதுன்னாரு.

கம்ப்ரஸரப் பத்தியும் கேட்டேன். இந்த மாதிரி கன்னு நிமிஷத்துக்கு 8, 10 கன அடி (அதத்தான் சிஎஃப்எம்னு போடுவாங்க) காத்து கேக்கும், 24 லிட்டர் ஒத்த எச்பி அதுல பாதி குடுத்தாலே பெருசு. ஸ்டிக்கர்ல போடுறது பிஸ்டன் இழுக்குற கணக்கு, வெளிய வர்ற காத்து அதவிட கம்மி, அதனால எஃப்ஏடி, அதாவது நெசமா வெளிய வர்ற காத்து எவ்ளோன்னு கேளுங்க. பிரஷரும் ட்ரிக்கர இழுத்துப் புடிச்சிக்கிட்டே கன் அடில இருக்குற கேஜப் பாத்துதான் வெக்கணும், எச்விஎல்பிக்கு 29 பிஎஸ்ஐ சுமாரு. தின்னர மோந்து பாத்ததுமே இது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டுக்கு ஊத்துற தின்னர்னாரு. அதுல ஆல்கஹால் கலந்திருக்கும், அது ஹார்டனரத் தின்னுடும், அப்புறம் ஹார்டனர் கலந்து அடிக்கிற இந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் எங்க காயறது. பெயிண்ட் கம்பெனி டின்ல எந்த தின்னர், என்ன அளவுன்னு போட்டிருக்கும், அது மட்டும்தான் கணக்கு, லூஸ் தின்னர் வாங்கவே வாங்காதீங்க.

எனக்கு ஆத்திரமே அந்தக் கர்ச்சீஃப் விஷயத்துலதான். ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு கெமிக்கல் இருக்கு, அந்தப் பொகை ஆஸ்துமாவையே கொண்டாந்து விடும், ஒரு தடவ ஒடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் மூச்சுத் திணறும். துணியோ என்95ஓ அந்த ஆவிய நிறுத்தாது, வெளிய இருந்து நல்ல காத்து குழாய்ல வர்ற மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும். எங்க அம்மாவுக்கு ஏற்கனவே வீசிங், போர்ட்டிகோல நான் அடிக்க அடிக்க ஜன்னல் தொறந்தே இருந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சி உக்காந்துட்டாங்க, இன்ஹேலர் வெச்சி சமாளிச்சோம். அத நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

கன்ன எடுத்துக்கிட்டு மறுபடி பாண்டி போனேன். சில்வர் செதிலக் காட்டுனா "யூஸ் பண்ண சாமான திருப்பி எடுக்க மாட்டோம், எங்க கடைல வாங்குனதுக்கு பில் காட்டு"ங்குறாரு. நீங்க வாங்கப் போனா கடைலயே நாசில், நீடில், ஏர் கேப் மூணையும் கழட்டச் சொல்லிப் பாருங்க, அவங்க கம்ப்ரஸர்லயே மாட்டி தின்னர் ஊத்தி அடிச்சிக் காட்டச் சொல்லுங்க, முடியாதுன்னா அடுத்த கடைக்கு நடையக் கட்டுங்க. ஜிஎஸ்டி பில் கைக்கு வராம காசு குடுக்காதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணி புகார் பதிஞ்சிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அதனால பாண்டில வாங்குனதுக்கு கடலூர் மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே குடுக்கலாம், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் கெடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த எஸ்டிமேட் சீட்டு, செதிலோட நாசில் ஃபோட்டோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த வாரம் போடப் போறேன். பானட்ல பிசுபிசுன்னு நின்ன பெயிண்ட்ட ஒரு வழியா வழிச்சி எடுத்தாச்சு, 320ல இருந்து மறுபடி தேச்சிக்கிட்டு இருக்கேன். ஃபைனல் கோட் அந்த திருப்பாதிரிப்புலியூர் அண்ணன் ஷெட்லதான்.