பெரிய கூட்டமா, சின்ன வட்டமா, வாட்ஸ்அப்பா?

கொடைக்கானலில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, 34 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன். சமையல், ஹவுஸ்கீப்பிங், சலவை, தோட்டம், டிரைவர், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 38 பேர். பாதிப் பேர் வில்பட்டி, அட்டுவம்பட்டி, நாயுடுபுரம் பக்கம். மீதியில் தேனி, மதுரை ஆட்களும், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் ஏழு பேரும் உண்டு. இவர்களோடு உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேச மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றில் நிற்கிறேன். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவது, வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம்.

வாட்ஸ்அப்பை முதலில் முடித்துவிடலாம். தகவல் சொல்ல அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் கட்டாயம் என்றானபோது, ரிசப்ஷனில் என்ன சொல்ல வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் போய்விட்டது. ஆனால் மேனேஜர் இருக்கும் குரூப்பில் யார் குறை எழுதுவார்கள்? "ஓகே சார்", அப்புறம் ஒரு கும்பிடு. அந்தக் கும்பிடைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்திருக்கிறேன்.

மாதக் கூட்டத்துக்கு ஒரு மரியாதை உண்டு. போனஸ், சீசன் லீவு போன்றவற்றை டைனிங் ஹாலில் எல்லோர் முன்னாலும் ஒரே வாயால் சொல்வதுதான் சரி. ஆளுக்கு ஒரு கதை பரவாது. கலந்து பேசுவது என்று வந்தால்தான் இழுக்கும். பேசுவது எப்போதும் அதே நான்கு பேர். சலவை அக்காக்கள் பின்வரிசையில், ஒடிசா பையன்கள் கதவோரம். ஏப்ரல், மே மாதங்களில் 38 பேரையும் ஒரே நேரத்தில் வேலையிலிருந்து எடுக்கவும் முடியாது.

படுக்கை விரிப்பு ஈரமாக இருக்கிறது என்று விருந்தினர்கள் இரண்டு வருடம் புகார் சொன்னார்கள். மாதக் கூட்டத்தில் எத்தனை முறை பேசினோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பழி சலவைப் பிரிவின் மேல் விழும், அவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். வட்டம் ஆரம்பித்த மூன்றாவது வாரம், தன் முறை வந்தபோது ஒரு அக்கா சொன்னார்: "துணி காய்ஞ்சுதான் சார் போகுது. அந்த வடக்குச் சுவத்து அலமாரியில வெச்சா மறுபடி ஈரம் ஏறுது." போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கையில் தண்ணீர். அலமாரியை பாய்லர் அறைப் பக்கம் மாற்ற ஒரு மத்தியானம்தான் ஆனது. "ஏன்க்கா இவ்வளவு நாள் சொல்லல?" என்றதற்கு, "கேக்கலியே சார்" என்றார்.

வட்டத்தில் நாங்கள் செய்வது பெரிய வித்தை எதுவும் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று, முந்தின நாளே சொல்லிவிடுவேன். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். எழுதத் தெரிந்தவர்கள் பேசுவதற்கு முன் ஒரு சீட்டில் எழுதிவிடுவார்கள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், நால்வர் கூடி யோசித்ததை விட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகமாக வந்தன. எங்கள் சீட்டுகளிலும் அப்படித்தான் வருகிறது. ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுகிறார்கள். இன்னொன்று, பிரிவுத் தலைவர் தன் ஆட்கள் இருக்கும் வட்டத்தில் உட்காரக் கூடாது. இதற்காக எங்கள் தலைமைச் சமையல்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் மூன்றில் எது என்று முடிவு செய்தது இவை எதுவும் இல்லை, பதில் சொல்லும் பாரம்தான். கூட்டத்துக்கு ஆகும் செலவு அந்த அரை மணி நேரம் என்று நினைத்திருந்தேன். உண்மையான செலவு அதற்கு அடுத்த நாள் ஆரம்பிக்கிறது. மாதக் கூட்டத்தில் இருபதுக்கு மேல் விஷயம் வரும். அடுத்த கூட்டத்துக்குள் நான்குக்குப் பதில் சொன்னால் அதிகம். மூன்றாவது மாதம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்!

இப்போது ஐந்து வட்டம், வட்டத்துக்கு ஒரு விஷயம், வாரம் ஐந்து. என்னால் சுமக்க முடிந்தது அவ்வளவுதான். ஒரு நோட்டில் மூன்று கட்டம்: சொன்னது, பார்ப்பது யார், பதில். அடுத்த வாரம் வட்டம் தொடங்குவதே மூன்றாவது கட்டத்தைப் படித்துத்தான். "முடியாது" என்பதும் பதில், காரணம் கூட இருக்க வேண்டும். இரவுச் சமையல் முடிந்து நடந்து போகிறவர்கள், வழியில் காட்டுமாடு நிற்கிறது, ஜீப் வேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒரு நேரத்தில் முடிகிறது, நாலைந்து நடை டீசலுக்கு ஓனர் ஒப்பவில்லை என்று அப்படியே சொன்னேன். அடுத்த வாரம் அவர்களே ஒரு வழி கொண்டுவந்தார்கள். பாத்திரம் கழுவுவதைப் பகிர்ந்துகொண்டு பத்தரைக்கு எல்லோரும் ஒன்றாக முடிப்பது, ஒரே நடை. ஓனரும் சரி என்றார்.

போன மே மாதம் சீசன் நெரிசலில் இரண்டு வாரம் நோட்டைத் தொடவில்லை. வட்டம் நடந்தது, பதில் மட்டும் இல்லை. பழைய பேச்சு திரும்பி வர ஜூலை ஆகிவிட்டது. ஆகவே நோட்டைப் பார்க்க நேரம் இல்லாதவர்கள் வட்டம் ஆரம்பிக்க வேண்டாம், மாதக் கூட்டமே தேவலை. அங்கே யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.

எதையும் வட்டத்தில் பேசலாம் என்றும் இல்லை. தனிப்பட்டவர் சம்பளத்தை அங்கே எடுப்பதில்லை. பாலியல் தொல்லைப் புகாருக்கு 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அது அங்கேதான் போக வேண்டும். 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கிறது. வட்டம் நடக்கிறதே என்று இவற்றை விட்டுவிட முடியாது.

என் அனுபவம் ஒரே ஹோட்டல், 38 பேர். இருநூறு பேர் ஷிப்டில் வரும் இடத்துக்கு இது பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒடிசா பையன்கள் விஷயத்திலும் நான் முழுசாக ஜெயிக்கவில்லை. ஏழு பேரையும் ஒரே வட்டத்தில் வைத்தேன், தமிழ் தெரிந்த ஒருவன் மொழிபெயர்த்தான். அவன் அவர்களை அழைத்து வந்த மேஸ்திரியின் தம்பி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வாரா வாரம் மொழிபெயர்க்கிறான். இந்த மாதம் அவர்களை மற்ற வட்டங்களில் ஒருவர் இருவராகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறேன். போன வாரம் அதில் ஒருவன், சைகையும் அரைகுறைத் தமிழுமாக, தங்கும் அறையில் கீசர் வேலை செய்யவில்லை என்றான். விசாரித்தால் பொங்கலிலிருந்தே அப்படித்தானாம்.