பழைய இசிஜித் தாளைத் தூக்கிப் போடாதீங்க: 2018 முதல் எங்கள் வீட்டு அனுபவம்

பெருந்துறைக்குப் பக்கத்தில் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. 2018-இல் மாமனாருக்கு ரத்த அழுத்தம் 170-க்கு மேல் இருப்பது தெரியவந்தது. அப்போதிருந்து அவருடைய இசிஜித் தாள்களைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் சேர்த்து வருகிறேன். பிறகு வீட்டில் மற்றவர்களுடைய தாள்களும் அதில் சேர்ந்தன. நெஞ்சு வலிக்கும்போது இசிஜி எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது எடுத்த இசிஜி, வரும் வருடங்களில் இதயத்துக்கு என்ன ஆகும் என்று காட்டுமா? இதைத்தான் சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஓரளவு காட்டும். ஆனால் ஒரே ஒரு தாள் காட்டுவது கொஞ்சம்தான். நாலைந்து வருடத் தாள்களை அடுத்தடுத்து விரித்து வைத்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

மாமாவின் முதல் தாளைப் பார்த்த டாக்டர், "வோல்டேஜ் ஜாஸ்தியா இருக்குதுங்க, இடது கீழறை தடிச்சிருக்கலாம்" என்றார். எப்படிச் சொல்கிறார் என்று கேட்டேன். பென்சிலை எடுத்துக் காட்டினார். நெஞ்சில் வைக்கும் முனைகளில் முதலாவதான வி1-இல் கீழே இறங்கும் கோட்டின் ஆழத்தையும், வி5 அல்லது வி6-இல் மேலே ஏறும் கோட்டின் உயரத்தையும் கூட்ட வேண்டும். சின்னக் கட்டம் ஒன்று ஒரு மில்லிமீட்டர். கூட்டுத்தொகை 35-ஐத் தொட்டால் தசை தடித்திருக்கலாம் என்று சந்தேகம். 1949-இல் சோகோலோ, லயன் என்ற இருவர் வகுத்த கணக்கு இது. இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. மாமாவுக்கு 42 வந்தது. இதயத்தை ஸ்கேன் போலப் படமாகக் காட்டும் எக்கோ எடுத்துப் பார்த்ததில் இடது கீழறைச் சுவரின் தடிமன் 14 மில்லிமீட்டர். ஆண்களுக்கு 10 வரை இருக்கலாம்.

ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத் தசை தடிக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கி, ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வரும் ஆய்வில், இசிஜியில் இந்த அடையாளம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் கூடுதலாக வருவது தெரிந்தது. அதோடு வி5, வி6-இல், ஒவ்வொரு துடிப்பின் உயரக் கோட்டுக்கு அடுத்து வரும் எஸ்டி கோடு சரிந்து, அதன் பின்னால் வரும் டி அலை தலைகீழாகவும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இதற்கு 'ஸ்ட்ரெய்ன்' என்று பெயர். மாமாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

எனக்குத் தெம்பு கொடுத்தது இன்னொரு ஆய்வு. 2002-இல் வெளிவந்த 'லைஃப்' ஆய்வில் 9,193 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ரத்த அழுத்தம், எல்லோருடைய இசிஜியிலும் இந்தத் தடிப்பின் அடையாளம். சிகிச்சையில் யாருக்கெல்லாம் அந்த அடையாளம் குறைந்ததோ அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறைவாக இருந்ததை, அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2004-இல் எழுதினார்கள். இசிஜி சொல்லும் ஆபத்து மாறக்கூடியது, மாறுவதையும் அதே இசிஜியில் பார்க்கலாம் என்பதுதான் இதன் பொருள். மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தோம். உப்பைக் குறைத்தோம், நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோர் மிளகாயும் கருவாடும் அப்பளமும் இருக்கிற வீட்டில் இது லேசான காரியமில்லை. 2021 தாளில் 42 என்பது 36 ஆனது. 2024-இல் 31. எக்கோவிலும் சுவர் இளைத்திருந்தது.

மாமா அந்தத் தாள்களைத் திண்ணையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். "ஏனம்மிணி, கிணத்துத் தண்ணி மட்டத்த வருசா வருசம் அதே மாசத்துல அளந்து பாக்கற மாதிரிதான இது?" என்றார். அதேதான்.

ஆனால் அளக்கும் விதம் மாறிவிட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் 25 மி.மீ./நொடி, 10 மி.மீ./மில்லிவோல்ட் என்று இருக்கும். கோடு ரொம்ப உயரமாகப் போனால் சில மெஷின்கள் தானாகவே 5-க்கு இறங்கிவிடும். அப்போது உயரம் பாதியாகத்தான் தெரியும், நோய் பாதியாகக் குறைந்துவிட்டது போல. ஒரு லேபில் எடுத்த தாள் அப்படித்தான் வந்தது. ஓரத்து எண்ணைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முனை வைக்கும் இடமும் முக்கியம். வி1-உம் வி2-உம் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் மேலே ஏற்றி வைத்தால் இல்லாத கோளாறு தெரியும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் முனையை ஒட்டவைக்கும் ரப்பர் பல்பு மார்பில் நிற்காமல் வழுக்கும். ஏசி குளிரில் உடம்பு நடுங்கினாலும் கோடு பிசிறடிக்கும். ஒல்லியான ஆட்களுக்கு நோயே இல்லாமலும் கோடு உயரமாக வரும், பருமனானவர்களுக்குத் தடிப்பு இருந்தும் மறைந்து போகும். அதனால் எக்கோ பார்க்காமல் எதையும் முடிவு கட்டக் கூடாது.

தாளைப் பத்திரப்படுத்துவது அடுத்த வேலை. பெரும்பாலான இசிஜித் தாள் தெர்மல் பேப்பர். நம் ஊர் வெயிலில் வருடம் போகப்போக வெளுத்துவிடும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டால் சில நேரம் இன்னும் வேகமாக அழியும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மடிப்பில்லாமல் பரப்பி, ஓரத்து எண்களும் தேதியும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இதன் பயன் அவசரத்தில் தெரியும். என் சின்ன மாமியாருக்கு இடது மின்பாதை அடைப்பு, அதாவது இதயத்துக்குள் மின்துடிப்பு போகும் இடது பாதையில் தடை, பல வருடமாக இருக்கிறது; கீழறைகள் துடிப்பதைக் காட்டும் கியூஆர்எஸ் பகுதியின் அகலம் அவருக்கு 120 மில்லி செகண்டுக்கு மேல். நெஞ்சு எரிச்சல் என்று அவரை ஈரோட்டுக்குக் கூட்டிப்போன இரவில், டாக்டர் முதலில் கேட்டதே "பழைய இசிஜி வெச்சிருக்கீங்களா?" என்றுதான். அந்த அடைப்பு புதிதாக வந்ததா, பழையதா என்பதை வைத்து சிகிச்சையின் போக்கே மாறும். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மற்றப் பரிசோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு, மாரடைப்பு இல்லை என்று காலையில் அனுப்பிவிட்டார்கள்.

கையடக்க இசிஜிக் கருவி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. இரண்டு கை விரல்களையும் வைத்தால் முப்பது நொடியில் போனில் கோடு வந்துவிடும். மஞ்சள் வேலை செய்து காய்ப்புக் காய்ச்சிய விரல்களில் முதலில் சரியாக வராது. விரலை லேசாக ஈரம் செய்துகொண்டால் வரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பைப் பிடிக்க இது நல்ல கருவி. அந்தத் துடிப்பு பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு கூட்டும், வந்து வந்து போகும் என்பதால் ஆஸ்பத்திரியில் எடுக்கும்போது சிக்காமலும் போகலாம். ஆனால் தசைத் தடிப்பையோ ரத்தக்குழாய் அடைப்பையோ இதில் பார்க்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது இதில் 'நார்மல்' என்று வந்ததை நம்பி யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு இசிஜி வந்திருக்கிறது. கோவையில் ஒரு முழு உடல் பரிசோதனையில் என் கணவருக்கு 'இதய வயது' என்று ஒரு எண் கொடுத்தார்கள்: உண்மையான வயதைவிட ஒன்பது கூடுதல். இரண்டு நாள் வெசனத்திலேயே இருந்தார். இதற்குப் பின்னால் நிஜமான ஆய்வு இருக்கிறது. பிரேசிலில் லட்சக்கணக்கானோரின் இசிஜிகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இசிஜி வயது உண்மையான வயதைவிட எட்டுக்கு மேல் கூடியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. மேயோ கிளினிக்கின் 2019 ஆய்வு இன்னும் ஆச்சரியம். இதயத்தின் பம்ப் திறன் குறைந்ததை இசிஜியை மட்டும் வைத்தே கணினி கண்டுபிடித்தது. கணினி சந்தேகப்பட்டும் எக்கோ நார்மலாக இருந்தவர்களுக்கு, பின்னாளில் அந்தத் திறன் குறையும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது முன்கூட்டியே பார்க்கிறது. இருந்தாலும் அவையெல்லாம் பெருங்கூட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு. அந்த எண்ணுக்காக மட்டும் தனியாகக் காசு கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிகரெட் என்று நாலு கேள்வி கேட்டார். கணவர் சிகரெட்டை விட்டது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

எந்தக் கோளாறும் இல்லாத இளவயதுக்காரர்கள் வருடா வருடம் இசிஜி எடுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பேன். ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும் 2018-இல் சொல்லியிருக்கிறது. இல்லாத நோயைத் தேடி வீண் பரிசோதனைகளுக்கு அலைய வேண்டிவரும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள், வீட்டில் சின்ன வயதிலேயே திடீரென்று இறந்தவர்கள் உள்ள குடும்பத்தார் டாக்டரைக் கேட்டு ஒரு தாளாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம். செலவு சில நூறு ரூபாய்தான். அடுத்த முறையும் முடிந்தால் அதே லேபில் எடுங்கள். அன்றைய ரத்த அழுத்தத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்சாரத்தால் தூண்டப்பட்டு மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் காட்டும் கியூடி இடைவெளியைச் சில மாத்திரைகள் நீட்டும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் டாக்டருக்கு அது வேண்டியிருக்கும்.